கைக்கு மேல் ஒரு சாண்

தரையிலிருந்து ஒரு பொருள் கிடைத்தளத்துடன் முப்பது டிகிரி கோணத்தில், நொடிக்கு இருபது மீட்டர் வேகத்தில் எறியப்படுகிறது. எறியப்படுகிறது என்றால் யாரால், அதைப் போடவில்லை. என்ன பொருள், அதையும் போடவில்லை. முப்பத்தைந்தாவது கேள்வி, ஐந்து மதிப்பெண். பொருள் அடையும் பெரும உயரம், பறக்கும் நேரம், கிடைத்தள நெடுக்கம் காண்க. காற்றின் தடையைப் புறக்கணிக்கவும். ஈர்ப்பு முடுக்கம் பத்து எனக் கொள்க. எனக்குத் தெரிந்த கணக்குதான். போன வாரம்கூட இதையே வேறு எண்களில் தப்பில்லாமல் போட்டேன். இப்போது முதல் வரியைத் தாண்ட முடியவில்லை. பதினொன்றரை மணி அடித்துவிட்டது. எங்கள் பள்ளியில் மணி என்பது வேப்பமரத்தில் தொங்குகிற ஒரு தண்டவாளத் துண்டு, அடித்து நின்ற பிறகும் காதுக்குள் ரொம்ப நேரம் நின்றுகொண்டே இருக்கும். ஒரு மணிக்குப் பரீட்சை முடியும். வாசலில் அப்பா மொபெட்டோடு நிற்பார். மூன்று மணிக்குத் துரைச்சாமி மேஸ்திரி வீட்டு வாசலில் ஆட்கள் கூடுவார்கள். மூங்கில் சாரம் கட்டுகிற சேவுகன் அண்ணனை இனி எந்தக் கட்டடத்துக்கும் கூப்பிடுவதில்லை என்று பேசி முடிப்பார்கள். அப்பாதான் சாட்சி. கல்லு சரியாத்தான் போச்சு, சாரக்கயிறுதான் விட்டுருச்சு என்று சொல்வார். கல்லை எறிந்தது தான்தான் என்றும் சொல்வார். பொருள் எறியப்படுகிறது. எறிந்தது நான். இந்த அறையில் யாருக்கும் அது தெரியாது. மேஸ்திரிக்குத் தெரியாது. சேவுகன் அண்ணனுக்குத் தெரியாது. இரண்டு ஞாயிறுக்கு முன்னால் அந்தக் கட்டடத்தில் மூன்றே பேர்தான் இருந்தோம். அப்பா, நான், மேலே சாரப்பலகையில் மொக்கராசு மாமா. பலகையிலிருந்து விழுந்த மாமா இப்போது பெரியாஸ்பத்திரியில் காலைக் கட்டித் தொங்கவிட்டுப் படுத்திருக்கிறார்.

சரி, போடு. செங்குத்துக் கூறு, இருபது பெருக்கல் சைன் முப்பது, பத்து. கிடைத்தளக் கூறு, இருபது பெருக்கல் காஸ் முப்பது, பதினேழு புள்ளி மூன்று இரண்டு. எழுதிவிட்டேன். பேனா கையில் பிசுபிசுக்கிறது, கட்டைவிரலில் நீலம். பின்னால் உட்கார்ந்திருக்கிற ரோஸ்மேரி செருப்பு நுனியால் என் பெஞ்சைத் தட்டுகிறாள், பதினெட்டாவது கேள்விக்கு விடை வேண்டுமாம். நான் திரும்பவில்லை. கமலவேணி டீச்சர் வகுப்பில் சொல்வார், கணக்குல ஆளைத் தேடாதீங்க, அம்புக்குறியைத் தேடுங்க. அவர் கரும்பலகையில் வரைகிற வளைவில் எப்போதும் ஒரு அம்பு மேலே போகும், ஒன்று பக்கவாட்டில் போகும், நடுவில் ஒரு சின்ன உருண்டை. உருண்டைக்கு முகம் கிடையாது, எடை கிடையாது, நாலு மூலை கிடையாது. செங்கலுக்கு நாலு மூலை உண்டு. எட்டு என்று சொல்ல வேண்டுமோ, மேலே நாலு, கீழே நாலு. உள்ளங்கையில் எந்த மூலை அழுத்துகிறது என்று பார்த்துத்தான் எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் போகிற வழியில் சுழலும், சுழன்றால் மேலே பிடிக்கிறவன் விரல் போய்விடும். சுழலாமல் போகவேண்டும், படுத்த மேனிக்கு. அப்பா போட்டால் அப்படித்தான் போகும். முதல் மாடிக்குக் கல்லேற்ற எங்கள் பக்கம் ஏணியில் சுமந்துகொண்டு ஏறமாட்டார்கள். கீழே ஒருத்தர், சாரப்பலகையில் ஒருத்தர். கீழே இருப்பவர் குனிவார், எடுப்பார், "ம்" என்பார், கல் எழும்பும். மேலே இருப்பவர் அதைப் பிடித்து அப்படியே திரும்பித் தளத்தில் அடுக்குவார். அவர் திரும்புவதற்குள் அடுத்த "ம்". யாரும் யாரையும் பார்ப்பது கிடையாது. கல்லைத்தான் பார்ப்பார்கள், அதையும் பாதி நேரம் பார்ப்பதில்லை. அப்பாவுக்கு ஒரே ஒரு கணக்குதான் தெரியும். பிடிக்கிறவன் கைக்கு மேல ஒரு சாண் போகணும். போய், நின்னு, திரும்பும்போது அவன் எடுத்துக்குவான். அந்தச் சாண் எதற்கு என்று அவர் சொன்னது கிடையாது. நானும் கேட்டது கிடையாது. கேட்டிருக்கலாம்.

அப்பாவுக்குத் தோள்பட்டை இறுகிப்போனது தை மாதத்தில். வலது கை நெஞ்சுக்கு மேல் எழும்பாது. சட்டை மாட்டும்போது அம்மா பிடித்துவிட வேண்டும். சொன்னால் வேலைக்குக் கூப்பிடமாட்டார்கள் என்று வெளியில் சொல்லவில்லை. வார நாளில் கலவை போடுகிற வேலை, மண் சலிக்கிற வேலை என்று ஏதாவது பார்த்துச் சமாளித்துக்கொள்வார். கல்லேற்றுவதை மட்டும் ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளிவிடுவார். அன்றைக்குக் கட்டடத்தில் யாரும் இருக்கமாட்டார்கள். நான் போவேன். பள்ளியில் நான் குண்டெறிகிறவள். வட்டாரப் போட்டியில் இரண்டாவதாக வந்தேன், அதனால் என் கையைப் பற்றி வீட்டில் ஒரு நம்பிக்கை. முதல் ஞாயிறு நான் கல்லை எடுத்தபோது மேலேயிருந்து மொக்கராசு மாமா சிரித்தார். "ஏ மருமகளே, அது பரீட்சைப் பேப்பர் இல்ல, பாத்து." மாமாவுக்கு மகனே கிடையாது, ஆனாலும் மருமகளே என்றுதான் கூப்பிடுவார். "ஒங்க மகன் எங்க மாமா, மொதல்ல அவனைக் காட்டுங்க" என்பேன். "அவன் இன்னும் பொறக்கல, நீ படிச்சு முடி, அதுக்குள்ள ஏற்பாடு பண்ணிருவேன்." அப்பா சிமெண்ட் கொட்டகை நிழலில் உட்கார்ந்து தோளில் தைலம் தேய்த்தபடி அதைக் கேட்டுச் சிரிப்பார். நாலு ஞாயிறு இப்படிப் போனது. நாலு ஞாயிறும் ஒரு கல் கீழே விழவில்லை. ஒரு சாண் மேலே போயிற்று, நின்றது, மாமா எடுத்துக்கொண்டார். அப்படியே விட்டிருக்கலாம். அப்படியே விட்டிருந்தால் இப்போது இந்த வளைவின் உச்சியில் பெரும உயரம் என்று எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போயிருப்பேன். பெரும உயரம், பத்தின் வர்க்கம் வகுத்தல் இருபது, ஐந்து மீட்டர். ஒரு மதிப்பெண் வந்திருக்கும்.

உச்சியில் செங்குத்துத் திசைவேகம் சுழி. கமலவேணி டீச்சர் அன்றைக்கு இதை இரண்டு தரம் சொன்னார். ஒரு நொடிகூட இல்லை, ஒரு கணம், அது மேலேயும் போகாது கீழேயும் வராது என்றார். எல்லாரும் எழுதிக்கொண்டார்கள். எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. நான் அதைப் பார்த்திருக்கிறேனே. மாமா கைக்கு மேலே ஒரு சாண் தூரத்தில் கல் நிற்பதைப் பார்த்திருக்கிறேனே. பெரியவர்கள் கதையில் வருகிற பறவை அம்பு பட்டு ஆகாயத்தில் ஒரு இமைப்பொழுது நிற்குமே, அப்படி. வகுப்பில் கையைத் தூக்கிச் சொல்லலாமா என்று நினைத்தேன், சொல்லவில்லை. எனக்குக் கூட்டத்தில் சத்தம் எழும்பாது, மனதுக்குள் பேசியே பழகிவிட்டது. அன்று இரவெல்லாம் எனக்கு ஒரே யோசனை. உச்சியில் வேகம் சுழி என்றால், உச்சியே மாமா கையில் இருந்தால் என்ன. மேலே ஒரு சாண் வீணாகப் போய், திரும்பி, விழுகிற வேகத்தோடு கையில் அறைவானேன். மாமாவின் உள்ளங்கை காய்த்துப்போய்ச் செருப்புத் தோல் மாதிரி இருக்கும். கல் கையில் வந்து அப்படியே உட்கார்ந்தால், சுழி வேகத்தில், ஒரு குழந்தையைக் கொடுத்து வாங்குகிற மாதிரி. எனக்கும் அவ்வளவு பலம் போடத் தேவையில்லை. அடுத்த ஞாயிறு காலையில் அப்பா டீ வாங்கப் போயிருந்தபோது மாமாவைப் பலகையில் நிற்கச் சொல்லி, கொட்டகையில் கிடந்த மேஸ்திரியின் டேப்பை எடுத்து, என் கை கல்லை விடுகிற இடத்திலிருந்து அவர் கை பிடிக்கிற இடம் வரைக்கும் அளந்தேன். "என்ன புள்ள, எனக்குச் சட்டை தைக்கப் போறியா" என்றார். இரண்டு மீட்டர் நாற்பத்தைந்து சென்டிமீட்டர். இருபதால் பெருக்கினால் நாற்பத்தொன்பது. வர்க்கமூலம் ஏழு. புள்ளி இல்லாத ஏழு. பாடப்புத்தகத்துக் கணக்கு மாதிரி அவ்வளவு சுத்தமாக வந்தது. எனக்கு அது ஏதோ உத்தரவு மாதிரி இருந்தது. நொடிக்கு ஏழு மீட்டர். அதற்கு மேல் வேண்டாம்.

யாரோ விடைத்தாள் கேட்கிறார்கள். கண்காணிப்பாளர் சாருக்கு ஒரு செருப்பு மட்டும் கிரீச்சென்கிறது, மற்றது இல்லை. கிரீச், சும்மா, கிரீச், சும்மா. என் பக்கத்தில் வந்து நின்றார். என் தாளைப் பார்த்தார். "என்னம்மா, யோசிச்சுக்கிட்டே இருந்தா ஆச்சா" என்றார். "எழுதுறேன் சார்." பறக்கும் நேரம், இரண்டு பெருக்கல் பத்து வகுத்தல் பத்து, இரண்டு நொடி. எழுதினேன். அவர் போய்விட்டார், கிரீச், சும்மா. அன்றைக்கும் நான் யோசித்துக்கொண்டேதான் இருந்தேன். கை எறிகிறது, மனது ஏழு ஏழு என்கிறது. முதல் நாலைந்து கல்லுக்குப் பிறகு கை அதைப் பிடித்துக்கொண்டது. கல் எழும்பி மாமா கையில் போய் ஓசையே இல்லாமல் உட்கார்ந்தது. அறையும் சத்தம் கிடையாது. எனக்கு உள்ளுக்குள் ஒரே சந்தோஷம். மாமா ஒரு தரம் குனிந்து பார்த்தார். "என்ன மருமகளே, கல்லு செத்து வருது." நான் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன். செத்து வருகிறது என்றால் வேகம் செத்து வருகிறது, சுழி, நான் கண்டுபிடித்த சுழி. "நல்லதுதானே மாமா, கை வலிக்காதுல்ல" என்றேன். அவர் எதுவோ சொன்னார், ரோட்டில் லாரி போனது, கேட்கவில்லை. இல்லை. கேட்டது. இரண்டு வாரமாகக் கேட்கவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு வருகிறேன். கேட்டது. "கொஞ்சம் ஒசக்கப் போடு புள்ள" என்றார். நான் உயரப் போடவில்லை. இன்னும் பத்துக் கல் போனால் அவரே புரிந்துகொள்வார், பழகிவிடும், பிறகு அப்பாவிடம் சொல்லுவார், உன் மக ஒரு வழி கண்டுபிடிச்சிருக்கா என்று. இருபதோ இருபத்தொன்றோ, அந்தக் கல். கையை விட்டுப் போகும்போதே தெரிந்தது. குண்டு எறிகிறவர்களுக்குத் தெரியும். குண்டு விழுவதற்கு முன்னாலேயே, விரலை விட்டுப் போகிற அந்த இடத்திலேயே, இது போதாது என்று விரல் சொல்லிவிடும். சொன்னது. ஆனால் உடம்பு அதற்குள் குனிந்துவிட்டது, அடுத்த கல்லுக்கு. "ம்" என்றால் குனிய வேண்டும், அது பழக்கம். குனிந்தபடி கேட்டேன். பலகை தட்டுகிற சத்தம். மூங்கில் உரசுகிற சத்தம். ஒரு ஆள் விழுகிற சத்தம் நான் நினைத்திருந்த மாதிரி இல்லை, மூட்டையை இறக்கிவைக்கிற மாதிரி இருந்தது. மணல் குவியலில் பாதி உடம்பு, கல் அடுக்கில் பாதி.

அப்பா டம்ளரைப் போட்டுவிட்டு ஓடிவந்தார். மாமாவின் வலது கால் போகக் கூடாத பக்கம் போயிருந்தது. மாமா கத்தவில்லை, பல்லைக் கடித்துக்கொண்டு மணலை அள்ளி அள்ளி விட்டார். அப்பா என்னைப் பார்த்தார். பிறகு தொங்குகிற பலகையைப் பார்த்தார், அவிழ்ந்து ஆடுகிற கயிற்றைப் பார்த்தார். "நீ வீட்டுக்குப் போத்தா." "அப்பா, நான்..." "போன்னா போ. நீ இங்க வரவே இல்ல. கல்லுப் போட்டது நான். பள்ளிக்கூடத்துப் புள்ளைய வேலைக்கு வச்சதுன்னு என்ஜினியர் மேல கேஸ் வரும், பிறகு ஒரு சைட்டுல நம்மள உள்ள விடமாட்டான்." எனக்காகத்தான் சொன்னார். பொய் என்று நினைத்துச் சொல்லியிருக்கமாட்டார், மழைக்குத் துண்டைத் தலையில் போடுகிற மாதிரி போட்டார். ஆனால் கயிறு என்று அவர் சொல்வது பொய்யில்லை, அவர் நம்புகிறார். என் கை தவறும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. நாலு ஞாயிறு பார்த்தவர். "என் மக போட்ட கல்லு நூல் பிடிச்ச மாதிரி போகும்" என்று அம்மாவிடம் ராத்திரி சொல்லிக்கொண்டிருந்தார், அது எனக்குக் கேட்டது. அந்தச் சாரத்தை முந்தின நாள் சாயங்காலம் கட்டியது சேவுகன் அண்ணன். அண்ணன் ஒரு முடிச்சுப் போட்டால் மூன்று தரம் இழுத்துப் பார்ப்பான். நாலாவது தரம் பல்லால் கடித்து இழுப்பான். சித்தாள் பெண்கள் அவனைக் கேலி பண்ணுவார்கள், "இவன் கைலியையும் சாரக்கட்டாத்தான் கட்டுவான், அவசரத்துக்கு அவுக்க முடியாது" என்று. அவன் வெட்கப்பட்டுக்கொண்டு சட்டைக் காலரைக் கடிப்பான். போன வாரம் எங்கள் வீட்டுக்கு வந்தான். வாசலிலேயே நின்றான். "அண்ணே, பலகை புரண்டதுல முடிச்சு நழுவிருக்கலாம். முடிச்சு நழுவிப் பலகை புரளல. நான் கட்டுனது எனக்குத் தெரியும்ணே." அப்பா, "எனக்கு ஒன்மேல கோபமில்ல சேவுகா. கல்லு சரியா வந்துச்சு, ஆளு விழுந்துட்டான். வேற என்ன இருக்கு நடுவுல" என்றார். அண்ணன் கதவுக்குள்ளே என்னைப் பார்த்தான். நான் புத்தகத்தைப் பார்த்தேன். கயிறா கையா. ராத்திரி படுத்தால் கயிறா கையா, பல் விளக்கினால் கயிறா கையா. கயிறாக இருக்கட்டும் என்று சாமியிடம் கேட்டேன். கேட்ட பிறகுதான் என்ன கேட்டேன் என்று உறைத்தது.

பன்னிரண்டு. மணி இரண்டு தரம் அடித்த மாதிரி இருந்தது, எதிரொலிதான். நெடுக்கம் பாக்கி. பதினேழு புள்ளி மூன்று இரண்டு பெருக்கல் இரண்டு, முப்பத்துநான்கு புள்ளி ஆறு நான்கு மீட்டர். அவ்வளவுதான், முடிந்தது, கீழே இரண்டு கோடு போடலாம். போட்டேன். பேனா நகரவில்லை. தாளின் வலது ஓரத்தில் வெற்றுக் கணக்குக்கு, அதான் ரஃப் ஒர்க்குக்கு, ஒரு கோடு கிழித்து இடம் விட்டிருக்கிறேன். அதில் கை தானாக எழுதியது. ஏழு. அதன் கீழே ஆறு புள்ளி ஏழு. ஏன் ஆறு புள்ளி ஏழு என்று தெரியாது. கண்ணால் பார்த்தால் ஏழுக்கும் அதற்கும் வித்தியாசம் தெரியாது, கையை ஒரு விரல்கடை குறைவாக நீட்டினால் வந்துவிடும், மூச்சு கொஞ்சம் முன்னாலேயே விட்டால் வந்துவிடும். ஆறு புள்ளி ஏழின் வர்க்கம் நாற்பத்துநான்கு புள்ளி எட்டு ஒன்பது. இருபதால் வகுத்தால் இரண்டு புள்ளி இரண்டு நான்கு. இரண்டு புள்ளி நான்கு ஐந்திலிருந்து கழித்தால் இருபத்தொரு சென்டிமீட்டர். நான் இடது கையை டெஸ்கில் விரித்தேன். கட்டைவிரல் நுனியிலிருந்து சுண்டுவிரல் நுனி வரைக்கும். ஸ்கேலை வைத்தேன். பத்தொன்பதரை. அப்பா கை என்னுடையதைவிடக் கொஞ்சம் பெரிது. ஒரு சாண். அப்பா கூட்டிப் போடுகிற சாண், நான் எடுத்துவிட்ட சாண். அது வீணாகப் போகிற தூரம் என்று நினைத்தேனே, அது என் கை தவறுவதற்காக விட்டுவைத்த இடம். எந்தக் கையும் ஒவ்வொரு தரமும் ஏழு போடாது. ஒரு தரம் ஏழு புள்ளி ஒன்று, ஒரு தரம் ஆறு புள்ளி ஏழு. புத்தகத்தில் கை கிடையாது, பொருள் எறியப்படுகிறது, அதனால் அங்கே சாண் கிடையாது. காற்றின் தடையைப் புறக்கணிக்கவும் என்று போட்டவர்கள் கையையும் புறக்கணிக்கவும் என்று போட்டிருக்கலாம். ரோஸ்மேரி மறுபடி தட்டுகிறாள். மணி, பதினெட்டு, என்கிறாள் மூச்சுக்குள். நாலு விடையில் இ என்று விரலால் எழுதிக்காட்டினேன். என் பெயர் தவமணி, அவசரத்துக்கு அவள் பாதியை விட்டுவிடுவாள். ஒரு சாண் குறைந்தால் மாமா என்ன செய்திருப்பார். விட்டிருக்கலாமே. ஒரு செங்கல், கீழே போனால் போகட்டும் என்று விட்டிருக்கலாமே. நூறு கல்லுக்கு ஒன்றிரண்டு உடைவது சைட்டில் எல்லாருக்கும் தெரிந்ததுதானே. ஏன் குனிந்தார். பலகை முனைக்கு ஏன் போனார்.

கை நிற்கவில்லை. பறக்கும் நேரம், இரண்டு பெருக்கல் ஆறு புள்ளி ஏழு வகுத்தல் பத்து. ஒன்று புள்ளி மூன்று நான்கு நொடி. எறிந்த பொருள் எறிந்த மட்டத்துக்கு எறிந்த வேகத்திலேயே திரும்பி வரும், அது இரண்டு மதிப்பெண் கேள்வி, போன தேர்வில் வந்தது, நான் முழு மதிப்பெண் வாங்கினேன். ஒன்று புள்ளி மூன்று நான்கு நொடியில் நான் எங்கே இருப்பேன். "ம்" என்றதும் குனிவேன். எடுப்பேன். நிமிர்வதற்கு இரண்டு நொடி ஆகும். ஒன்று புள்ளி மூன்று நான்கு நொடியில் நான் குனிந்திருப்பேன், பின்னங்கழுத்து மேலே தெரிய, மேலே பார்க்காமல். நேர் கீழே. பின்னங்கழுத்தில் கை வைத்துப் பார்த்தேன். வியர்த்திருந்தது, சடை இரண்டாகப் பிரிகிற இடத்தில் ஒரு எலும்பு முண்டு இருக்கிறது, விரல் அதன்மேலேயே நின்றது. ஆஸ்பத்திரியில் மாமா கட்டிலைச் சுற்றி ஆள் நின்றபோது அவர் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. கால் தவறிருச்சு, அவ்வளவுதான் சொன்னார், மேஸ்திரியிடமும் அதைத்தான், போலீஸ்காரரிடமும் அதைத்தான். எல்லாரும் தேநீர் குடிக்கப் போனபோது என்னைக் கையசைத்துக் கூப்பிட்டார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். "கல்லு எங்க விழுந்துச்சு புள்ள?" "பக்கத்துல மாமா." "பக்கத்துலன்னா?" "என் காலுகிட்ட. மூணா ஒடஞ்சிருச்சு." அவர் தலையை ஆட்டினார். "விரல் பட்டுச்சு. பட்டுச்சான்னு எனக்கே சந்தேகமா இருந்துச்சு" என்றார், கண்ணை மூடிக்கொண்டார், முகம் தெளிந்த மாதிரி இருந்தது. இவ்வளவு வலியில் ஒரு செங்கல்லைப் பற்றி ஏன் கேட்கிறார் என்று நினைத்துக்கொண்டு வந்தேன். பஸ்ஸில் வரும்போதும் அதையே நினைத்தேன். இரண்டு வாரமாக நினைத்தேன். கல்லைப் பிடிக்க அவர் குனியவில்லை. தள்ளிவிடக் குனிந்தார். என் கழுத்துக்கு வருகிற கல்லை ஒரு விரலால் தள்ளிவிட ஒரு சாண் குனிந்தார்.

மீதித் தேர்வை எப்படி எழுதினேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. எழுதினேன். வெற்றுக் கணக்கு என்று மேலே போட்டு, ஓரத்தில் இருந்ததைக் குறுக்கே அடிக்க வேண்டும், அடிக்கவில்லை. ஏழு, ஆறு புள்ளி ஏழு, இருபத்தொன்று, ஒன்று புள்ளி மூன்று நான்கு. திருத்துகிற டீச்சர் இது எந்தக் கேள்விக்கு என்று பார்ப்பார். எதற்குமில்லை. கடைசி மணி நீளமாக அடித்தது. தாளைக் கட்டும்போது நூல் முடிச்சு விழவில்லை, ரோஸ்மேரி பிடுங்கிக் கட்டிக்கொடுத்தாள். "என்னடி, பேய் அறைஞ்ச மாதிரி இருக்க. ஈசிதானே பேப்பர். எறிபொருள்கூட வகுப்புல குடுத்த கணக்கே குடுத்திருந்தான்." "ஆமா, ஈசிதான்."

வாசலில் புளியமரத்தடியில் அப்பா மொபெட்டில் உட்கார்ந்திருந்தார். வெள்ளைச் சட்டை போட்டிருந்தார், மேஸ்திரி வீட்டுக்குப் போவதற்காக. வலது கை மடியில் கிடந்தது. "எப்பிடித்தா எழுதுன?" "எழுதுனேன்." ஏறி உட்கார்ந்தேன். வண்டி கிளம்பவில்லை, அவர் நான் சேலை கட்டியவள் மாதிரி ஒருபக்கமாக ஒழுங்காக உட்காரட்டும் என்று காத்திருந்தார். முதுகைப் பார்த்துத்தான் சொல்ல முடிந்தது, முகத்தைப் பார்த்தால் வந்திருக்காது. "அப்பா, கயிறு இல்ல. நான் ஒரு சாணைக் குறைச்சுப் போட்டேன். வேணும்னே குறைச்சேன், கணக்குப் போட்டு. மாமா ஒசக்கப் போடுன்னாரு, கேக்கல. அந்தக் கல்லு என் கழுத்துக்கு வந்திருக்கும்ப்பா, அதைத் தள்ளிவிடத்தான் அவரு குனிஞ்சாரு." அவர் திரும்பவில்லை. சட்டையின் முதுகில் இஸ்திரி மடிப்பு மட்டும் மூச்சுக்கு மூச்சு எழும்பி இறங்கியது. "நான் மூணு மணிக்கு வந்து சொல்றேன். நீங்க எதுவும் சொல்ல வேணாம்." பிள்ளைகள் எங்களைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தார்கள், எல்லார் வாயிலும் விடை. பிறகு, "ஒரு சாணா" என்றார் அப்பா. "ஒரு சாண்" என்றேன். மிதித்தார், வண்டி கிளம்பியது. பள்ளிக்கூடத் தெரு முடிகிற இடத்தில் ரோடு பிரியும். இடது பக்கம் போனால் எங்கள் வீடு. வலது பக்கம் மேஸ்திரி வீடு, அதற்கும் முன்னால் சேவுகன் அண்ணன் இருக்கிற காலனி. எங்கள் மொபெட்டில் திரும்புகிற விளக்கு எரிந்து வருஷக்கணக்காகிறது, கையைக் காட்டித்தான் திரும்ப வேண்டும். முக்கு வந்ததும் வண்டி மெதுவானது. நான் இடது பக்கம் சாய்ந்துகொண்டேன், வீட்டுக்குப் போகிற பழக்கத்தில். அப்பா கைப்பிடியிலிருந்து வலது கையை எடுத்தார். முதலில் அது பாதியில் நின்றது. பல்லைக் கடிக்கிற சத்தம் எனக்குக் கேட்டது. பிறகு மெல்ல மெல்ல, தோள் மட்டத்துக்கு, அதற்கும் கொஞ்சம் மேலே, கையை வலது பக்கம் நீட்டினார்.